கழுத்தறியாப் பாரம்: கார்ப் பந்தய விளையாட்டுகளில் எடைச் சமன் – ஒரு திறனாய்வு

முன்னுரை

நம் சங்க மலரில் வழக்கமாகக் கம்பனைப் பற்றியும், கல்வெட்டுகளைப் பற்றியும், திருத்தணி எல்லைப் போராட்டத்தைப் பற்றியும் கட்டுரைகள் வரும். அந்த வரிசையில் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டைப் பற்றி ஒரு வெல்ல வியாபாரி எழுதினால், "நயினாருக்கு வயசாகிப் போச்சு, பேரனோடு சேர்ந்து இவரும் விளையாட ஆரம்பிச்சுட்டார்" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். திறனாய்வு நூல்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மனிதன் யோசித்துச் செய்த எந்தப் பொருளையும், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று நிறுத்துப் பார்க்கலாம். நிறுப்பது நாற்பது வருடமாக என் தொழில்.

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் வீடுகளில் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ், சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக நிற்கிறது. நாம் அவர்கள் கையில் கொடுக்கும் தமிழ்ப் புத்தகத்தை விட, தாங்களாக எடுக்கும் விளையாட்டைத்தான் அவர்கள் ஊன்றி வாசிக்கிறார்கள். ஆமாம், வாசிக்கிறார்கள் என்றே சொல்வேன். வண்டியின் எடை எத்தனை கிலோ, அதில் முன்சக்கரத்தில் எத்தனை, பின்சக்கரத்தில் எத்தனை என்று ஒரு பதினேழு வயதுப் பையன் மனப்பாடமாகச் சொல்கிறான். அவன் வாசிப்பதைப் பெரியவர்களும் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நம் கடமை அல்லவா?

இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள். வண்டியின் எடையை முன்னும் பின்னும் மாற்றி வைத்து, திருப்பங்களில் அது கைக்கு அடங்கும்படி செய்வது. இந்தக் கணக்கை விளையாட்டுகள் பெரும்பாலும் சரியாகவே சொல்லித் தருகின்றன. ஆனால் அந்த எடை யாரை அழுத்துகிறது என்பதை அவை சொல்வதில்லை. இதுவே என் மதிப்பீடு. இனி அதற்கான காரணங்கள்.

எடையின் கணக்கு

பழைய சந்தைகளில் ஒரே ஒரு தட்டு உள்ள தூக்குக்கோலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு கால்வாசி முன்பே தெரியும். கோலில் பிடிக்கும் கயிறு இரண்டு விரல் நகர்ந்தால் அதே சரக்கு வேறு எடை காட்டும். எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். அது எங்கே இருக்கிறது என்பது மறு பாதி.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1000 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களில் 600, பின்சக்கரங்களில் 400. இதில் 100 கிலோ எடையைச் சரியாகப் பின் அச்சுக்கு மேலே வைத்தால் முன்னே 600, பின்னே 500. முன்பங்கு நூற்றுக்கு 60-லிருந்து 54½-க்கு இறங்கிவிடும். அதே 100 கிலோவைப் பின் அச்சையும் தாண்டி அரை மீட்டர் தள்ளி டிக்கியில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டு அச்சுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்னே 120 கிலோ கூடும், முன்னே 20 கிலோ குறையும். அதாவது முன்னே 580, பின்னே 520. நாம் வைத்தது 100 கிலோதான். பின்சக்கரம் சுமப்பதோ 120. அந்த இருபது எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திடமிருந்து தூக்கியது. தூக்குக்கோல் கணக்கேதான்.

இதனால் திருப்பத்தில் என்ன மாற்றம்? டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் பாரம் கூடினால் தரையைப் பிடிக்கும் பிடிப்பும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது. மண்டியில் மூட்டை தூக்கும் ஆளைப் பாருங்கள். 50 கிலோ மூட்டையோடு விறுவிறுன்னு நடப்பார். 100 கிலோவை ஏற்றினால் இரட்டிப்பு வேலை நடந்துவிடாது, தள்ளாடுவார். டயரும் அப்படித்தான். இரண்டு மடங்கு பாரத்துக்கு இரண்டு மடங்கு பிடிப்பு தராது, கொஞ்சம் குறைவாகவே தரும். ஆகவே முன்னே பாரம் மிகுந்த வண்டியில் முன் டயர்கள் முதலில் சோர்ந்துபோகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திருப்பத்துக்கு வெளியே ஓடப் பார்க்கும். இதை அண்டர்ஸ்டீர் என்கிறார்கள். பின்னே பாரம் மிகுந்தால் பின்புறம் வீசிக்கொண்டு வந்து வண்டி சுழலப் பார்க்கும். இது ஓவர்ஸ்டீர். எஞ்சினைப் பின்னால் வைத்த கார்களுக்கு இந்த இரண்டாவது குணம் அதிகம் என்பது பந்தயக்காரர்கள் எல்லோரும் அறிந்தது.

இன்னும் ஒன்று. எடை நின்ற இடத்தில் நிற்காது. பிரேக் பிடித்தால் முன்னால் ஓடும், வேகம் கொடுத்தால் பின்னால் ஓடும், வளைந்தால் வெளிப்பக்கம் ஓடும். எவ்வளவு ஓடும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மொத்த எடையைப் பிரேக்கின் அழுத்தத்தால் பெருக்கி, எடை மையத்தின் உயரத்தால் பெருக்கி, இரண்டு அச்சுக்கும் இடையிலுள்ள நீளத்தால் வகுக்க வேண்டும். நம் 1000 கிலோ காரில் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். புவியீர்ப்பில் பாதியளவு அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் 100 கிலோ பின்னிருந்து முன்னுக்கு ஓடிவிடும். 600, 400 என்று இருந்தது அந்த நேரத்துக்கு 700, 300 ஆகிறது. இந்த ஒரு கணக்கைப் பிற்பகுதிக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரான் டுரிஸ்மோ: இலக்கணம் அறிந்த ஆட்டம்

முதலில் பெரிய படைப்பு. ஜப்பானியரான கசுனோரி யமவுச்சி தலைமையில் பாலிஃபோனி டிஜிட்டல் உருவாக்கி 1997-இல் வெளிவந்தது கிரான் டுரிஸ்மோ. அதன் ஏழாம் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. இதில் வண்டியைச் சீர்செய்யும் பக்கத்தில் 'பேலஸ்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது வேறு ஒரு பயனும் இல்லாமல், எடைக்காகவே வைக்கும் எடை. நான் அதைச் 'சும்மாச் சுமை' என்று தமிழில் சொல்லுவேன். 200 கிலோ வரை ஏற்றலாம். அடுத்த வரியில் அந்தச் சுமையின் இடத்தை முன்கோடியிலிருந்து பின்கோடி வரை ஐம்பது ஐம்பது படியாக நகர்த்தலாம். நகர்த்தினால் முன்னுக்கும் பின்னுக்குமான விகிதம் உடனே மாறும். திருப்பத்தில் வண்டி நடந்துகொள்ளும் விதமும் மாறும்.

இந்தப் படைப்பின் பெருமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே நான் அரைப் பக்கம் மூச்சு வாங்கச் சொன்ன கணக்கை, பையன்கள் பத்து நிமிடத்தில் கையாலேயே உணர்ந்துவிடுகிறார்கள். சுமையைப் பின்னே தள்ளினால் முன்புறம் சட்டென்று திரும்புகிறது, இன்னும் தள்ளினால் வால் வீசுகிறது. அளவுக்கு மேல் போனால் எந்த நன்மையும் தீமையாகும் என்பதை எந்த ஆசிரியரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்துவிட முடியாது. எந்த உயிரையும் வருத்தாமல் நடக்கும் பந்தயம் என்பதும், என் போன்றவன் பார்வையில், சாதாரணச் சிறப்பு அல்ல.

குறை எங்கே என்றால், சுமையின் பயன் திசை மாறுகிற இடத்தில். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பி.பி. என்று ஒரு திறன் எண் உண்டு. பந்தயங்களுக்கு இத்தனை பி.பி.க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைப்பார்கள். சும்மாச் சுமையை ஏற்றினால் அந்த எண் இறங்கும். ஆகவே வண்டி கைக்கு அடங்குவதற்காக அல்லாமல், வண்டியைக் காகிதத்தில் பலவீனமாகக் காட்டுவதற்காகவே பலர் பாரம் ஏற்றுகிறார்கள். எடைமேடையில் எடையைக் குறைத்துக் காட்டப் பார்க்கும் லாரிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். எடையைக் கூட்டிக் காட்டி ஏமாற்றுகிறவரை இந்த விளையாட்டில்தான் பார்த்தேன்! அதை விடப் பெரிய குறை: 200 கிலோ ஏற்றினாலும் இங்கே அச்சு முறிவதில்லை, பட்டை உடைவதில்லை. வேகம் குறைவது ஒன்றுதான் தண்டனை. பிடிக்கவில்லை என்றால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

ஏழு கிலோவும் பதினொரு படியும்

அடுத்தது ஃபார்முலா ஒன் பந்தயத்தை அப்படியே காட்டுவதாகச் சொல்லும் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனத்தின் ஆட்டங்கள். இவை நமக்கு நெருக்கமானவை. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். 2011, 2012-இல் எச்.ஆர்.டி. அணியில் ஓட்டினார். அந்த ஆண்டுகளின் ஆட்டங்களில் அவர் பெயரிலேயே கார் இருந்தது. நொய்டா அருகே 2011-இல் திறந்த புத்தா பந்தயத் தடமும் இருந்தது. ஒரு தமிழர் பெயரை உலகம் முழுதும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்து விளையாடியது நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் விமர்சகன் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. அதே 2011-ஆம் ஆண்டில் உண்மையான பந்தயத்தில் என்ன நடந்தது? பிரிட்ஜ்ஸ்டோன் டயருக்குப் பதிலாகப் பிரெல்லி டயர் வந்தது. புது டயருக்கு எந்த எடைப் பங்கீடு பொருந்தும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு அணி குருட்டு அதிர்ஷ்டத்தில் முன்னேறிவிடக் கூடாது என்பதற்காக விதியே போட்டுவிட்டார்கள். தகுதிச் சுற்றில் காரின் குறைந்தபட்ச எடை 640 கிலோ, அதில் முன்சக்கரங்களில் 291-க்குக் குறையக் கூடாது, பின்சக்கரங்களில் 342-க்குக் குறையக் கூடாது. கூட்டிப் பாருங்கள், 633. ஆக அணிகள் முன்பின் மாற்ற மிச்சமிருந்தது ஏழே ஏழு கிலோ. நம் வீட்டில் ஒரு மாதத்துக்கு வாங்கும் வெல்லத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

விளையாட்டில் என்ன? பின்னாளில் வந்த 2018, 2019, 2020 பதிப்புகளில் எடையை முன்னும் பின்னும் நகர்த்த விளையாடுபவருக்குப் பதினொரு படி கொடுத்திருந்தார்கள். உண்மையில் பொறியாளர்கள் கைகட்டி நின்ற இடத்தில் விளையாட்டு தாராளமாகக் கதவைத் திறந்து வைத்தது. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு என்று சிலர் வாதிடலாம். உண்டு. ஆனால் 'அப்படியே உள்ளது' என்று விலாசம் போட்டு விற்கும் சரக்கில் கலப்படம் இருந்தால் வியாபாரியாகிய நான் பேசாமல் இருக்க முடியாது. எடை மாற்றுவதில் உள்ள அழகே, மாற்ற முடியாத வரம்புக்குள் மாற்றுவதில்தான் இருக்கிறது. ஏழு கிலோவுக்காக இரவெல்லாம் கணக்குப் போட்ட பொறியாளரின் வேலை, பதினொரு படியில் காணாமல் போகிறது.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் ஓட்டுநரும் அவர் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ என்று வைத்தார்கள். ஒல்லியானவர்கள் குறைகிற எடையைச் சும்மாச் சுமையாக இருக்கையை ஒட்டியே வைக்க வேண்டும், காரில் வசதியான வேறு மூலையில் வைக்கக் கூடாது. காரணம், எடை மிச்சம் பிடிக்க ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தார்கள். பாரத்துக்குப் பின்னால் ஒரு உடம்பு இருக்கிறது என்பதை விதி எழுதியவர்கள் உணர்ந்தார்கள் பாருங்கள். விளையாட்டின் பக்கத்தில் அந்த உடம்பு இல்லை.

சின்ன ஆட்டத்தின் பெரிய குணம்

மூன்றாவது, செல்போனில் எல்லோர் கையிலும் ஓடிய ஹில் கிளைம்ப் ரேசிங். ஃபின்லாந்து நாட்டு ஃபிங்கர்சாஃப்ட் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. படம் பொம்மை மாதிரி. பொத்தான் இரண்டே இரண்டு, ஆக்சிலரேட்டர், பிரேக். மேடு பள்ளத்தில் ஒரு சின்ன ஜீப் போகும். ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் மேட்டில் முன்சக்கரம் தூக்கி வண்டி மல்லாந்துவிடும். விட்டுவிட்டால் ஏறாது. ஆகாயத்தில் பறக்கும்போது ஒரு பொத்தான் மூக்கைத் தூக்கும், இன்னொன்று தாழ்த்தும். ஓட்டுபவன் தலை தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது.

பெரிய படைப்பை விட இந்தச் சின்னப் படைப்பை உயர்த்தி வைக்கிறேன் என்றால் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். என் காரணம் இது. கிரான் டுரிஸ்மோவில் எடையை வண்டி நிற்கும்போது மாற்றுகிறோம். இங்கே வண்டி ஓடும்போதே ஒவ்வொரு நொடியும் நாமே தாங்கிப் பிடிக்கிறோம். அங்கே எடை ஒரு எண். இங்கே தலை கவிழும் பயம். சித்தூர்ப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் பொம்மையாகத் தெரியாது. டிராக்டர்க்காரர்கள் மூக்கில் இரும்புக் கட்டிகளை மாட்டுவது இதற்காகத்தான். பந்தயத் தடமே பார்க்காத நம் விவசாயி, சும்மாச் சுமையை எங்கே வைப்பது என்று எப்போதோ தெரிந்துகொண்டான்.

முன்பாரம், பின்பாரம்

இங்கே மொழியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. பேரப்பிள்ளைகள் வாயில் அண்டர்ஸ்டீர், ஓவர்ஸ்டீர் சரளமாக வருகிறது. அவர்கள் கொள்ளுத்தாத்தாக்கள் மாட்டு வண்டியில் ஏறியவுடன் கேட்ட கேள்வி, "முன்பாரமா இருக்கா, பின்பாரமா இருக்கா?" என்பது. இரண்டு சக்கர வண்டியில் சரக்கு அச்சுக்கு முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பின்னே மிகுந்தால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். வண்டிக்காரர் மேடு ஏறும்போது முன்னே நகர்ந்து உட்காருவார், இறங்கும்போது பின்னே நகருவார். ஓட்டுகிறவரே நகரும் எடையாக இருந்தார். கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயத்தில் இலேசான வண்டியில் உட்காருகிறவரின் உடம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

"பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்ட நான் இதைச் சொல்லவில்லை. அந்த வழக்கம் நம் மலர்களில் ஏற்கனவே போதிய அளவு இருக்கிறது. முன்பாரம் வேறு, அண்டர்ஸ்டீர் வேறு. முன்பாரம் என்பது சுமை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அண்டர்ஸ்டீர் என்பது வேகத்தில் வண்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறது. ஒன்று காரணம், மற்றது விளைவு. முன்பாரம் உள்ள வண்டியும் பின் டயர் தேய்ந்திருந்தால் வால் வீசலாம். மாட்டு வண்டி போன வேகத்தில் அந்த விளைவுக்குப் பெயர் வைக்கும் தேவை வரவில்லை. ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும். ஆனால் நம் சொல்லில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதில் ஒரு கழுத்து இருக்கிறது. பாரம் தப்பினால் மாடு திணறும், மூச்சிரைக்கும், நிற்கும். வண்டிக்காரர் இறங்கி மூட்டையை மாற்றி வைத்தே ஆக வேண்டும்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது உப்பு வணிகர்களின் வண்டியைக் காட்டுகிறார். மாடுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ யாருக்குத் தெரியும் என்று அந்த வணிகர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அரசனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர். கட்டிக்கொண்டு போன அந்த அச்சும் ஒரு கூடுதல் எடைதான். ஆனால் அது வெறும் சும்மாச் சுமை அல்ல, நாளைய ஆபத்துக்காக இன்றே சுமப்பது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் இதே வண்டிக்காரர் அனுபவத்திலிருந்துதான். நான் பார்த்த மூன்று விளையாட்டுகளிலும் முறியும் அச்சு இல்லை. முறியும் அச்சு இல்லாததால் சேம அச்சைப் பற்றிய நினைப்பும் இல்லை.

மலைப்பாதையில் நம் கணக்கு

"விளையாட்டுதானே, இதில் என்ன போச்சு?" என்று கேட்கலாம். நம் ஊருக்கு வாருங்கள். திருமலைக்கு ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை. 1944-இல் திறந்த பழைய பாதைதான் இன்று இறங்கும் பாதை. அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள். 1970-களில் போட்ட இரண்டாம் பாதை ஏறுவதற்கு. இந்தப் பாதையில் தேவஸ்தானம் வைத்த விதி ஒன்று உண்டு. ஏற 28 நிமிடத்துக்கும், இறங்க 40 நிமிடத்துக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீக்கிரம் வந்தால் குற்றம்! பந்தய விளையாட்டின் இலக்கணத்தை அப்படியே தலைகீழாக்கினால் இந்த விதி வரும். ஏறுவதை விட இறங்குவதற்கு அதிக நேரம் கொடுத்தவர், எடை எந்தப் பக்கம் ஓடும் என்று அறிந்தவர்.

இப்போது முன்னே மனதில் வைக்கச் சொன்ன கணக்கை எடுங்கள். வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு உறவினர் வருகிறார்கள். காரின் கூரையில் கேரியர் கட்டி, பெட்டியும் படுக்கையும் பாத்திரமுமாக 100 கிலோ ஏற்றுகிறோம். தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரம். வண்டியின் எடை 1100 ஆகிறது, எடை மையம் அரை மீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு ஏறுகிறது. அதே அழுத்தத்தில் பிரேக் பிடித்தால் முன்னுக்கு ஓடும் எடை 100 அல்ல, 132 கிலோ. ஏற்றியது பத்தில் ஒரு பங்கு. ஓடுவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வளைவிலும் இதே கதைதான், வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் போய் விழும். அந்தப் பெட்டிகளைக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கைகளுக்கு அடியில் வைத்தால் இந்தக் கூடுதலில் பெரும்பகுதி குறைந்துவிடும். காசு செலவில்லை. ஏழு பேர் போகும் வண்டியில் கடைசி இருக்கையிலும் டிக்கியிலும் மட்டும் பாரம் ஏற்றினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் மிதப்பது போலிருக்கும். அது பின்பாரம்.

விளையாட்டில் இந்தப் பாடம் நன்றாகத் தெரிந்த பையன், வீட்டுக் காரில் பெட்டியை மேலே கட்டும்போது கயிற்றைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்! அவனைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டில் எடை என்பது திரையில் நகரும் கோடு. வீட்டில் எடை என்பது பெரியம்மாவின் பெட்டி. இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

விளையாட்டில் கற்றது நிஜத்தில் உதவாது என்றும் நான் சொல்ல மாட்டேன். கிரான் டுரிஸ்மோ விளையாடுபவர்களிலிருந்து பந்தய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்க நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷனும் 2008 முதல் 2016 வரை ஜிடி அகாடமி நடத்தின. 2011-இல் வென்ற ஜான் மார்டென்பரோ 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலேயே ஓட்டினார். கை கற்றது உண்மைதான். ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், மேடு தாண்டும் ஓரிடத்தில் அவர் ஓட்டிய காரின் முன்பக்கம் காற்றில் எழும்பி, தடுப்பைத் தாண்டி விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உயிரிழந்தார். யார் மீதும் பழி போட இதைச் சொல்லவில்லை. அதே தடம் அந்த விளையாட்டிலும் இருக்கிறது. அங்கே எத்தனை முறை கார் எழும்பினாலும் வேலிக்கு அந்தப்புறம் நிற்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த ஒரு வித்தியாசம்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தது.

நிறைவாக

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்று வரும். சச்சந்தன் செய்வித்த அந்தப் பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே ஏறும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். அரசி விசயை அதில் ஏறி முன்கூட்டியே பழகினாள். பொறி ஓட்டப் பழக வேண்டும் என்று சொன்ன காவியம் நம்முடையது. ஆனால் ஆபத்து வந்த நாளில் அவள் தனியாகப் பறக்கும்போது, பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்து மயங்கினாள். பொறி சுடுகாட்டில் போய் இறங்கியது. பழக்கம் அவளுக்குத் திருகாணியைக் கற்றுத் தந்தது. அந்த நாள் எப்படி இருக்கும் என்பதைக் கற்றுத் தர முடியவில்லை. தேவர் அதை ஒளிக்காமல் பாடினார். இன்றைய விளையாட்டுகள் ஒளிக்கின்றன.

விளையாட்டு செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சும்மாச் சுமையோடு, இறக்கி வைக்க முடியாத சுமையையும் கொஞ்சம் வையுங்கள். பின் இருக்கையில் தூங்கும் ஒரு குழந்தை, கூரையில் ஒரு பெட்டி, முறியக்கூடிய ஓர் அச்சு. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கணினி படிக்கிறார்கள். அவர்களே செய்யட்டுமே.

நம் வீட்டாருக்கு என் வேண்டுகோள் அதைவிட எளிது. பிள்ளை விளையாடும்போது "போதும் நிறுத்து" என்று கத்துவதற்கு முன்னால், பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து "இந்த எடையை ஏன்டா பின்னால தள்ளுற?" என்று கேளுங்கள். அவன் அண்டர்ஸ்டீர் என்பான். நீங்கள் முன்பாரம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று இருவரும் வாதாடுங்கள். அடுத்த முறை மலைக்குப் புறப்படும்போது பெட்டியை எங்கே வைப்பது என்று அவனையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியும், கேட்கத்தான் ஆள் வேண்டும்.